பனியில் மாட்டுக்குப் புல் – உருளைக் கட்டு வந்த கதை

வைக்கோல் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். நெல்லை அறுத்து, கதிரடித்து, மணியை வீட்டுக்கு எடுத்துப் போன பிறகு மிஞ்சுகிற தாள்தான் அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் மாடுகள் தின்பது பெரும்பாலும் அதுவல்ல. ஆங்கிலப் படங்களில் பச்சை வயலின் நடுவே பெரிய பெரிய உருளைகள் கிடப்பதைப் பார்த்து நம்மில் பலர் ‘வைக்கோல் சுருள்’ என்று சொல்லிவிடுகிறோம். அவற்றில் பெரும்பாலானவை உலர்புல். தானியத்துக்காக அல்லாமல் மாட்டுக்காகவே வளர்த்து, பூக்கிற பருவத்தில் பச்சையாகவே அறுத்து, வெயிலில் காயவைத்துக் கட்டி வைப்பது. வைக்கோலில் சத்து முழுக்க விதைக்குப் போய்விட்டிருக்கும். உலர்புல்லில் அது இலையிலேயே இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான் என்றாலும், ஒரு மாடு ஐந்து மாதப் பனியைத் தாண்டுமா தாண்டாதா என்பதை முடிவு செய்ய அது போதும்.

இயற்பியல் அறிஞர் ஃப்ரீமன் டைசன் ஒருமுறை, கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று உலர்புல் என்று எழுதினார். குளிர்காலத்திலும் புல் முளைக்கிற தெற்கில் மட்டும் குதிரையும் மாடும் வைத்து வாழ முடிந்த மனிதர்கள், புல்லைக் காயவைத்துச் சேமிக்கக் கற்ற பிறகுதான் வடக்கே நகரங்களைக் கட்ட முடிந்தது என்பது அவர் வாதம். கொஞ்சம் மிகைதான். ரோமானியர்களுக்கே உலர்புல் தெரியும், கேட்டோ எழுதிய வேளாண் நூலிலேயே அது வருகிறது. ஆனாலும் வாதத்தின் நடுப்பகுதி உண்மை. நிலம் உறைந்து கிடக்கிற நாட்டில் மாடு வளர்ப்பது என்பது, கோடையின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக் குளிர்காலத்தில் திறந்து கொடுப்பதுதான்.

இது இவ்வளவு பழைய அறிவு. ஆனால் 1880-களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பெரும் பணம் போட்டு மாடு வளர்க்க வந்தவர்கள் இதை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

கொட்டகையும் வேண்டாம், புல்லும் வேண்டாம்

மொன்டானா, வயோமிங், டகோடா பிரதேசங்களில் அப்போது வேலியில்லாத புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. லட்சக்கணக்கான காட்டெருமைகள் அங்கேதான் குளிர்காலத்தைக் கழித்தன. அவற்றைச் சுட்டுத் தீர்த்தாயிற்று, செவ்விந்தியர்களை ஒதுக்கிடங்களுக்குள் தள்ளியாயிற்று. இனி அந்தப் புல் யாருக்கு? டெக்சாஸிலிருந்து மாடுகளை ஓட்டிவந்து விட்டால் போதும். அங்குள்ள குட்டைப்புல் நின்ற நிலையிலேயே காய்ந்து, சத்துக் குறையாமல் நிற்கும். காட்டெருமை பிழைத்தது போல மாடும் பனியைக் காலால் கிளறித் தின்று பிழைக்கும் என்றார்கள். ஜேம்ஸ் பிரிஸ்பின் என்கிற ராணுவ அதிகாரி 1881-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். சமவெளியில் பணக்காரர் ஆவது எப்படி என்பதுதான் அதன் உட்தலைப்பு. எடின்பரோவிலும் லண்டனிலும் மாட்டையே தொட்டிராத மனிதர்கள் பங்குகள் வாங்கினார்கள். வயோமிங்கின் ஸ்வான் நிலம் மற்றும் கால்நடை நிறுவனம் ஸ்காட்லாந்துப் பணத்தில்தான் நடந்தது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டும் 1883-இல் டகோடாவுக்கு வேட்டையாட வந்தவர், அப்படியே மாட்டுத் தொழிலிலும் பணம் போட்டார்.

இவர்கள் கணக்கில் ஒரு சின்ன ஓட்டை. காட்டெருமை தலையையே மண்வெட்டியாக வைத்துப் பனியைத் தள்ளும். மாட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இன்னொன்று, புயல் வந்தால் மாடு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். நடந்துகொண்டே இருக்கும். 1874-இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி அதற்குள் சமவெளிக்கு வந்துவிட்டது. டெக்சாஸின் வடக்கு முனையில், வடக்கிலிருந்து மாடுகள் வந்து சேராமல் தடுக்கப் பல மைல் நீளத்துக்கு வேலி போட்டிருந்தார்கள். 1886 ஜனவரிப் புயலில் தெற்கே நடந்த மாடுகள் அந்த வேலியில் முட்டி நின்று, ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து உறைந்தன. அது எச்சரிக்கை மணி. வடக்கே இருந்தவர்கள் காதில் அது விழவில்லை. அல்லது, அதற்குள் மாடுகள் இவ்வளவு பெருகிவிட்ட நிலையில், விழுந்தும் பயனில்லை.

1886 கோடையில் மழை பொய்த்தது. புல் குட்டையாகக் காய்ந்து நின்றது. நவம்பரிலேயே பனி கொட்ட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் ‘சினூக்’ என்று ஒரு வெதுவெதுப்பான காற்று வீசும். சில மணி நேரத்தில் பனியை உருக்கிவிடும், மாடு வளர்ப்பவர்கள் அதைத் தெய்வம் போல எதிர்பார்ப்பார்கள். அந்த ஆண்டு அது அரைகுறையாக வீசி, மேல்பனியை மட்டும் உருக்கியது. உடனே கடுங்குளிர் வந்து, உருகிய நீர் கண்ணாடிப் பலகையாக இறுகியது. புல் கீழே இருக்கிறது, மேலே பனிக்கட்டி. மாடுகள் அதை உடைக்க முயன்று கால் தோல் கிழிந்து ரத்தம் வழிய நின்றன என்று அக்காலத்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1887 ஜனவரியில் அடுத்தடுத்துப் பனிப்புயல்கள். வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போனது. (செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டியதில்லை, அந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.)

மொன்டானாவின் ஜூடித் படுகையில் ஒரு மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார் 22 வயது மாட்டுக்காரர் ஒருவர். ஊரிலிருந்த உரிமையாளர் மந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தபோது, அந்த இளைஞர் எழுதுவதற்குப் பதில் ஒரு சின்ன அட்டையில் வண்ணம் தீட்டி அனுப்பினார். எலும்பும் தோலுமாக ஒரு பசு, பனியில் தலை குனிந்து நிற்கிறது. சுற்றிலும் ஓநாய்கள் காத்திருக்கின்றன. ‘சினூக்குக்காகக் காத்திருத்தல்’ என்று அந்தப் படம் புகழ்பெற்றது. வரைந்தவர் சார்லஸ் ரஸ்ஸல், அமெரிக்க மேற்கின் மிகப் பெரிய ஓவியர்களில் ஒருவராகப் பின்னாளில் ஆனார். ஒரு கணக்கறிக்கை எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த உள்ளங்கை அளவுப் படம் சொன்னதைச் சொல்லியிருக்காது.

வசந்தத்தில் மந்தையை ஒன்று திரட்டுவதற்கு அங்கே ‘ரவுண்டப்’ என்று பெயர். அந்த ஆண்டுத் திரட்டலுக்கு ‘டை-அப்’ என்று கசப்பாகப் பெயர் வைத்தார்கள், சாவுத் திரட்டல். பள்ளத்தாக்குகளில் பனி உருக உருகப் பிணங்கள் வெளிப்பட்டன, ஆறுகளில் மிதந்து போயின. சில மந்தைகளில் பாதி, சிலவற்றில் பத்தில் ஒன்பது. ஸ்வான் நிறுவனம் 1887-இல் திவாலானது. ரூஸ்வெல்ட் தன் மாடுகளில் பாதிக்கு மேல் இழந்தார். கோன்ராட் கோர்ஸ் என்கிற பெரிய மாட்டு முதலாளி, வங்கியாளர் ஒருவர் நம்பிக் கொடுத்த கடனால் எழுந்து நின்றார். டீர் லாட்ஜில் உள்ள அவர் பண்ணை 1972 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். மொன்டானாவில் மூத்த மாட்டுக்காரரான கிரான்வில் ஸ்டூவர்ட் தொழிலையே விட்டார். தன்னால் தீனியும் ஒதுங்க இடமும் கொடுக்க முடியாத ஒரு உயிரை இனி வைத்துக்கொள்ளவே மாட்டேன் என்பது அவர் எடுத்த முடிவு. முதலாளிகளின் நஷ்டத்தைச் சரித்திரம் விரிவாக எழுதியிருக்கிறது. மாடுகள் பட்டதை எழுதியவர் ஸ்டூவர்ட்டைப் போல ஒரு சிலர்தான்.

போர் போட்டவர்கள்

பிழைத்த பண்ணைகள் சின்னதாயின. ஆற்றோரத் தாழ்நிலங்களில் நீர் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள். கோடை முழுக்க அறுப்பதும் காயவைப்பதும் போர் போடுவதுமே வேலை. மாடு மேய்ப்பவன் குதிரையை விட்டு இறங்கிக் கவைக்கோலைப் பிடித்தான். திரைப்படங்களில் இந்தக் காட்சியை யாரும் எடுப்பதில்லை!

மொன்டானாவின் தென்மேற்கில் பிக் ஹோல் என்று ஒரு பள்ளத்தாக்கு. பத்தாயிரம் போர்களின் பள்ளத்தாக்கு என்பது அதன் செல்லப் பெயர். 1910 வாக்கில் அங்குள்ள பண்ணைக்காரர்கள் இருவர் ஒரு கருவியைச் செய்தார்கள். சாய்வாக நிற்கும் ஒரு பெரிய மரச் சறுக்குப் பலகை, கிட்டத்தட்ட 30 அடி உயரம். கயிறும் கப்பியும் வைத்துக் குதிரைகள் இழுக்க, ஒரு தட்டு நிறையப் புல் அதன் மேல் ஏறிப் போய் உச்சியிலிருந்து மறுபக்கம் விழும். அங்கே நிற்கிற ஆட்கள் அதை மிதித்துப் போராக்குவார்கள். ‘பீவர்ஸ்லைட்’ என்று பெயர். நன்றாக மிதித்து, மேற்புறம் கவிழ்ந்த படகு போல முடித்த போர் இரண்டு மூன்று ஆண்டு மழைக்கும் தாங்கும். நம் ஊரில் வைக்கோற்போர் போடுகிறவரின் கைத்திறனைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தண்ணீர் இறங்காமல் போர் போடத் தெரிந்தவருக்கு எந்த நாட்டிலும் மரியாதை ஒன்றுதான்.

குளிர்காலம் வந்தால், சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குக் கட்டை மாட்டிய வண்டியில் இரண்டு அல்லது நான்கு குதிரைகளைப் பூட்டி, போரிலிருந்து புல்லை வாரி ஏற்றி, பனியின் மேல் நீளமாகச் சிந்திக்கொண்டே போவார்கள். மாடுகள் வரிசையாகப் பின்னால் வரும். தினமும். கிறிஸ்துமஸ் அன்றும், காய்ச்சல் வந்த அன்றும். புல் மாட்டைக் காப்பாற்றியது, மனிதனைக் கட்டிப் போட்டது.

போர் இருக்கிறது, போக வழியில்லை

புல் சேமித்து வைத்தால் மட்டும் போதாது என்பதை 1949 காட்டியது. அந்த ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கிய பனிப்புயல் நெப்ராஸ்கா, தெற்கு டகோடா, வயோமிங் பகுதிகளை மூன்று நாட்களுக்கு மூடியது. அது ஓய்ந்ததும் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ரயில்கள் வழியிலேயே புதைந்தன. பண்ணைகளில் போர் இருந்தது. வீட்டிலிருந்து போருக்கும், போரிலிருந்து மாட்டுக்கும் போக முடியவில்லை.

ராணுவம் இறங்கியது. ‘ஸ்னோபவுண்ட்’ என்று பெயரிட்ட அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் லூயிஸ் பிக். இவரை இந்தியாவுக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போரில் அசாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குச் சாலை போட்ட பொறியாளர் இவர்தான். அங்கே மழையும் சேறும், இங்கே பனி. ஜனவரி இறுதியில் தொடங்கி மார்ச் மத்தி வரை புல்டோசர்கள் ஓடி, சுமார் 1,15,000 மைல் பாதையைத் திறந்தன. அதில் கணிசமான பகுதி ஊர்ச் சாலைகூட இல்லை, போருக்குப் போகிற தடங்கள்! ஏறத்தாழ 40 லட்சம் கால்நடைகளுக்கு இதனால் தீனி எட்டியது என்று ராணுவம் கணக்குக் கொடுத்தது. எட்டாத இடங்களுக்கு விமானப்படை வானத்திலிருந்து புல் கட்டுகளைப் போட்டது. நெவாடாவில் பனியில் சிக்கிய ஆடுகளுக்கும் இப்படியே. அதே மாதங்களில் பெர்லின் மக்களுக்கு நிலக்கரியும் மாவும் விமானத்தில் போய்க்கொண்டிருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இதை வைத்து 1950-இல் ஒரு சினிமாவும் வந்தது.

சதுரம் போய் உருளை

வானத்திலிருந்து போட வேண்டுமென்றால் புல் கட்டாக இருந்தாக வேண்டும். அப்போது பரவிக்கொண்டிருந்தது செங்கல் வடிவச் சின்னக் கட்டு. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் மென்னோனைட் விவசாயியான எட் நோல்ட், 1930-களின் கடைசியில், வயலில் கிடக்கும் புல்லைத் தானே வாரி, அழுத்தி, தானே முடிச்சும் போடுகிற இயந்திரத்தைச் செய்தார். நியூ ஹாலண்ட் நிறுவனம் அதை 1940 முதல் தயாரித்தது. முடிச்சுப் போடுவது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அதுவரை இரண்டு பேர் இயந்திரத்தின் இருபுறமும் தூசியில் உட்கார்ந்து கம்பி கோத்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டுகிற கயிறுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது கற்றாழை இன நார். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விளைந்தது. அதை ஏற்றுமதி செய்த சிசல் துறைமுகத்தின் பெயரே நாருக்கும் வந்தது. அமெரிக்க வயல்களில் தானியக் கதிர்களைக் கட்ட இந்தக் கயிறு மலை மலையாகத் தேவைப்பட்ட காலத்தில், அங்கே மாயா இன மக்கள் கடனுக்கு அடிமைப்பட்டுக் கற்றாழை வெட்டினார்கள். குளிர்நாட்டு விவசாயி தன் சுமையை இறக்கி வைக்கும்போது அது எங்கோ ஒரு வெயில் நாட்டில் இன்னொருவர் தலையில் ஏறியது. பிறகுதான் பிளாஸ்டிக் கயிறு வந்தது. அதன் தொல்லை தனி.

சின்னக் கட்டு ஒன்று 20 முதல் 30 கிலோ. தூக்கலாம், ஆனால் ஆயிரக்கணக்கில் தூக்க வேண்டும். வயலில் தூக்கி வண்டியில், வண்டியிலிருந்து கொட்டகையில், கொட்டகையிலிருந்து குளிர்காலத்தில் மறுபடி வெளியே. ஒரே கட்டு குறைந்தது மூன்று முறை கை மாறும். பண்ணைப் பிள்ளைகள் நகரத்துக்கு ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

உருளையாகச் சுற்றலாம் என்கிற யோசனை புதிதல்ல. நெப்ராஸ்காவைச் சேர்ந்த உம்மோ லூபென் 1910-இலேயே உருளைக் கட்டு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பாய் சுருட்டுவது போலப் புல்லைச் சுருட்டுவதுதான் தத்துவம். சுருட்டிய புல்லில் இலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிவதால் கூரை வேய்ந்தது போல மழைநீர் வழிந்துவிடும். ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1940-இல் உரிமையை வாங்கி, 1947-இல் ‘ரோட்டோ-பேலர்’ என்று விற்பனைக்கு விட்டது. ஆனால் அது சுற்றியதும் சின்ன உருளைகளைத்தான். கையால் தூக்க வேண்டும் என்கிற எண்ணம் இன்னும் மாறவில்லை. போதாததற்கு, ஒவ்வொரு கட்டுக்கும் கயிறு சுற்றி முடியும் வரை டிராக்டரை நிறுத்த வேண்டும். பலருக்குப் பொறுமை இல்லை.

கையால் தூக்கவே முடியாத அளவுக்குக் கட்டைப் பெரிதாக்கிவிட்டால் என்ன? தலைகீழான யோசனை. மனிதன் தூக்க முடியாவிட்டால் இயந்திரம்தானே தூக்கியாக வேண்டும்! 1960-களின் நடுவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி பூக்லே என்கிற வேளாண் பொறியியல் பேராசிரியர், மாணவர்களோடு சேர்ந்து இந்த வழியில் ஒரு பெரிய உருளை இயந்திரத்தை உருவாக்கினார். அதே மாநிலத்தில் பெல்லா என்கிற, டச்சுக்காரர்கள் குடியேறிய சிற்றூரில் கேரி வெர்மீர் என்று ஒரு தொழிலதிபர். புல் கட்டுகிற வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, மாட்டையே விற்றுவிடப் போகிறேன் என்று நண்பர் ஒருவர் அவரிடம் சொன்னாராம். வெர்மீர் நிறுவனத்தின் பெரிய உருளை பேலர் 1971-இல் வந்தது. 6 அடி விட்டம், ஒரு டன்னை நெருங்கும் எடை. ‘ஒரே ஆள் போதும்’ என்பதுதான் விற்பனைப் பேச்சு.

அது உண்மையாகவும் இருந்தது. முன்னே ஒரு பண்ணையில் புல் கட்ட அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் கூடும். இன்று உன் வயல், நாளை என் வயல். பெண்கள் ஒரு படைக்குச் சமைப்பார்கள். இப்போது டிராக்டரில் ஒருவர், கண்ணாடிக் கூண்டுக்குள், வானொலி கேட்டபடி. முதுகு தப்பியது, ஊர் கூடுவது நின்றது. எது பெரிது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிது, 30 கிலோக் கட்டைத் தூக்கியவர்களைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

வட்டத்தின் கணக்கு

பெரிய உருளையை வெளியிலேயே வைக்கலாம், கொட்டகை வேண்டாம் என்று விற்றார்கள். இங்கே பள்ளிக்கூடக் கணிதம் கொஞ்சம் வேண்டும். 6 அடி விட்டமுள்ள உருளையில் மேற்புறத்து அரை அடி மட்டும் மழையில் கெட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அரை அடிதானே என்று தோன்றும். ஆரம் 3 அடியிலிருந்து இரண்டரை அடியாகிறது. பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 9-க்கு 6.25. அதாவது புல்லில் 30 சதவீதத்துக்கு மேல் போயிற்று! உருளையின் பெரும்பகுதி அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு சரளைக்கல் மேல் அடுக்குவது, தார்ப்பாய் போர்த்துவது, 1980-களில் கயிற்றுக்குப் பதில் வலை சுற்றுவது எல்லாம் வந்தன. ஈரமாகச் சுற்றினால் இன்னொரு ஆபத்து. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அது 20 சதவீதத்துக்குக் கீழே வருமுன் கட்டினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடேறும், பூஞ்சை பிடிக்கும், சில சமயம் தானே தீப்பற்றும்.

அடுத்த விரயம் மாட்டின் வாயருகே. உருளையை அப்படியே தரையில் வைத்தால் மாடுகள் அதை இழுத்துப் போட்டு, மிதித்து, அதன் மேலேயே படுத்துச் சாணமும் போடும். மெத்தை ரொம்ப விலை உயர்ந்த மெத்தை! அதனால்தான் உருளையைச் சுற்றி இரும்பு வளையம் வைக்கிறார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு வகைத் தீவனச் சட்டங்களை ஒப்பிட்டு 2003-இல் முடிவு வெளியிட்டார்கள். கட்டைக் கூம்புக்குள் தாங்கிப் பிடிக்கும் வளையத்தில் 3.5 சதவீதம் வீண். சாதாரண வளையத்தில் 6.1. வண்டி வகையில் 11.4. தொட்டில் வகையில் 14.6. கம்பிகளை எப்படி வளைப்பது என்கிற ஒரு விஷயத்துக்கு நான்கு மடங்கு வித்தியாசம். தலையை உள்ளே விட்டபடி நின்று தின்கிற மாடு குறைவாகச் சிந்துகிறது, அடிக்கடி தலையை வெளியே இழுக்கிற மாடு வாயிலிருப்பதைக் கீழே போடுகிறது.

சிலர் வளையமே வைப்பதில்லை. உருளையைப் பனிமேல் பாய் போல விரித்துவிடுவார்கள். விரயம் கூடுதல்தான், ஆனால் எல்லா மாடுகளும் ஒரே நேரத்தில் தின்னலாம். வளையத்தில் முரட்டு மாடு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பயந்த கிடாரி பின்னால் நின்று மிச்சத்தைத்தான் தின்னும்.

குளிர் கூடக் கூடத் தீனியையும் கூட்ட வேண்டும். மாட்டின் பெருவயிற்றில் நார் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. உலர்புல் தின்னும் மாடு உள்ளே ஓர் அடுப்பை வைத்திருக்கிறது என்றே சொல்லலாம். அடர்ந்த குளிர்கால ரோமம் உலர்ந்திருந்தால் மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வரைகூட மாடு சமாளிக்கும். அதே ரோமம் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே அதற்குக் குளிர் எடுக்கும். 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோடாவின் மேற்கில் முதலில் மழை, பிறகு பெரும்பனி. மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் இன்னும் வரவில்லை, கோடை மேய்ச்சலிலிருந்து வீட்டருகே ஓட்டியும் வரவில்லை. பல்லாயிரம் மாடுகள் செத்தன. இடுபொருள், இயந்திரம், வானிலை அறிக்கை எல்லாம் இருந்த காலம் அது. அமெரிக்க அரசு அலுவலகங்கள் அப்போது நிதி ஒப்புதல் இன்றி மூடிக் கிடந்தன என்பதால் உதவியும் தாமதமாயிற்று.

எப்போது போடுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கனடாவின் மனிடோபாவில் கஸ் கோனெஃபால் என்கிற மாட்டு வளர்ப்பாளர், 1970-களில், தீனியை முன்மதியமும் இரவு பத்து மணி வாக்கிலும் போட ஆரம்பித்தார். அவர் பசுக்களில் ஐந்தில் நான்கு பகலிலேயே கன்று போட்டன. உறைபனி இரவில் ஈரக் கன்று தரையில் விழுந்தால் காது உறைந்து போகும், சில சமயம் உயிரே போகும். ஆய்வுகள் பின்னர் இதைப் பரிசோதித்து, மாலையில் தீனி போட்டால் பகல் ஈற்று கூடுகிறது என்று உறுதி செய்தன. காரணம் முழுக்கத் தெளிவாகவில்லை. இரவில் தூக்கம் கெடாத பண்ணைக்காரர்கள் காரணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

உருளை உயிரையும் எடுக்கும். டிராக்டரின் முன்கையை அதிகமாக உயர்த்தினால் கட்டு அதன் மேலேயே உருண்டு ஓட்டுநர் மேல் விழும். பாதுகாப்புச் சட்டம் இல்லாத பழைய டிராக்டர்களில் இப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் டெவனில் 2010 செப்டம்பரில் சரிவில் உருண்டு வந்த 600 கிலோ உருளை ஒன்று சாலையில் போன வேன் மேல் விழுந்து, எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா என்கிற புகழ்பெற்ற இசைக்குழுவின் முன்னாள் செல்லோ கலைஞர் மைக் எட்வர்ட்ஸ் இறந்தார். வலையின் சங்கதி வேறு. கடுங்குளிரில் பனிக்கட்டியோடு ஒட்டிக்கிடக்கும் வலையைப் பிய்க்கச் சோம்பல்பட்டு அப்படியே போட்டால், மாடு புல்லோடு அதையும் விழுங்கும். பெருவயிற்றில் அது கரையாது, சேர்ந்துகொண்டே போகும். நம் நகரங்களில் சாலையோர மாடுகளின் வயிற்றைத் திறந்து கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் எடுக்கிற செய்தி படித்தவர்களுக்கு இது புரியும். அங்கே குப்பைத்தொட்டி, இங்கே தீவனம்.

தமிழ்நாட்டிலும் இப்போது டெல்டா வயல்களில் அறுவடை இயந்திரம் போன பின்னால் சின்ன உருளை பேலர் ஓடுகிறது. அது சுற்றுவது வைக்கோலை, ஒரு ஆள் தோளில் ஏற்றுகிற அளவில். 1947-இன் ரோட்டோ-பேலர் அளவுக்கே நம் தேவை நின்றுவிட்டது என்று சொல்லலாம். பனி இல்லாத ஊருக்கு ஒரு டன் உருளை எதற்கு?

கனடாவின் சமவெளிகளில் கடந்த சில பத்தாண்டுகளாக இன்னொரு முறை பரவியிருக்கிறது. குளிரில் தினமும் டிராக்டரைக் கிளப்பிப் புல்லை மாட்டிடம் கொண்டுபோவதற்குப் பதிலாக, இலையுதிர் காலத்திலேயே உருளைகளை மேய்ச்சல் நிலத்தில் கட்டம் போட்டது போல வரிசையாக வைத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு மின்வேலி. சில நாட்களுக்கு ஒருமுறை வேலியை ஒரு வரிசை நகர்த்தினால் மாடுகள் தாமே போய் அடுத்த உருளைகளைத் தின்னும். சாணமும் மூத்திரமும் கொட்டகையில் சேராமல் நிலத்திலேயே விழுகின்றன. சஸ்காட்செவனில் நடந்த ஆய்வுகளில், இப்படித் தீனி போட்ட நிலத்தில் தழைச்சத்து கூடுதலாகத் தங்கி, அடுத்த ஆண்டுப் புல் விளைச்சல் உயர்ந்தது தெரிந்தது. உருளை கிடந்த இடமெல்லாம் கோடையில் கரும்பச்சை வட்டமாகத் தனித்துத் தெரியும். கயிறையும் வலையையும் மட்டும் உருளையை வைக்கும் போதே, நிலம் உறைவதற்கு முன்பே, பிரித்து எடுத்துவிட வேண்டும். ஜனவரியில் அது கையோடு வராது.